வயிற்றைத் திறந்து பார்க்கச் சொன்னவள்

1996 கோடையில் பரிபூரணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. மாதவிலக்கு வந்தால் பத்து நாளைக்கு நிற்பதில்லை. ரத்தம் போன கிறக்கத்தில், பக்கத்தில் ஓடும் மெஷின் எங்கோ தொலைவில் ஓடுவதுபோல் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டிகள், இடது சினைப்பையில் எலுமிச்சை அளவு நீர்க்கட்டி.

அங்கே டாக்டர் தங்கபாய் நிதானமாக எடுத்துச் சொன்னார். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுக்க மூன்று வழி இருந்தது. கீழ்வழியாக எடுத்தால் வயிற்றில் தழும்பே இருக்காது, சீக்கிரம் நடமாடலாம். ஆனால் இவளுக்குக் கர்ப்பப்பை நாலு மாதக் கர்ப்பம்போல் பெருத்திருந்தது, மேலே இருக்கும் சினைப்பைக்குக் கை எட்டுவதும் கஷ்டம். மதுரையில் சிறு துளைகள் போட்டு, கேமராவை விட்டு டிவியில் பார்த்தபடி செய்கிறார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். வயிற்றைக் கிழித்துச் செய்தால் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது.

அவள் கணவர் ஐயாதுரை, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மதுரைக்கே போகலாம் என்றார். பரிபூரணத்தின் அக்கா கிருபாபாய் சினைப்பையில் வந்த புற்றுநோயில்தான் இறந்தாள். கண்டுபிடித்தபோது வயிறெங்கும் பரவியிருந்தது.

“வயித்தத் திறந்து கண்ணால பாத்துருங்க டாக்டரம்மா. கையால தொட்டும் பாருங்க. சினைப்பை ரெண்டையும் எடுத்துருங்க. தழும்பு இருந்தா இருந்துட்டுப் போகுது.”

டாக்டர் மறுக்கவில்லை.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லாமல் போயிற்று. மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், வெளுத்துக் காயப்போட்ட துணிகளுக்கு இடையே அவள் நடந்துகொண்டிருந்தாள். துணி முடியவே இல்லை. அந்தப் பக்கம் அக்காவின் நிழல் கூடவே வந்தது. ஓரிடத்தில் நிழல் நின்றுகொண்டது. இவள் மட்டும் நடந்தாள். எங்கோ கத்திரியைக் கிண்ணத்தில் வைக்கும் சத்தம், மழைத்துளி விழுவதுபோல் கேட்டது.

மறுநாள் டாக்டர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். வலது சினைப்பையிலும், ஸ்கேனில் தெரியாத ஒரு பொடிக் கட்டி இருந்ததாம். எல்லாவற்றையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: சாதாரணக் கட்டிகள்தான். ஐயாதுரை அந்தத் தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடியே வீடு வந்து, “ஒண்ணும் இல்லையாம்” என்று இரண்டு தடவை சொன்னார். அவள் அக்கா பேரைச் சொல்லி அழுதாள்.

சினைப்பைகள் போனதிலிருந்து அவள் உடம்பில் நினைத்தபோதெல்லாம் அனல் கிளம்பியது. ஐப்பசியில் ஒருநாள் மம்சாபுரம் பஸ்ஸில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐயாதுரை ஜன்னல் ஷட்டரை இறக்கக் கை நீட்டினார்.

“செத்த நேரம் இருக்கட்டும்ங்க.”

கண்ணை மூடி, சாரலுக்கு முகத்தைக் கொடுத்தாள். அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். அவர் சட்டையும் நனைந்தது.