சுழியத்துக்குக் கீழே

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் லதா அக்கா, பதவி உயர்வுத் தேர்வுக்காக என்னிடம் கணக்குப் படித்தார். எண்ணும் எண்கள், பின்னங்கள், சுழியம், மைனஸ் எண்கள் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன்.

“ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ எப்படிம்மா நம்பர் இருக்கும்?”

“சின்னப் பிள்ளைக்கே தெரியும்லா, அக்கா,” என்று சிரித்துவிட்டேன்.

“அப்ப எனக்கு இந்தப் பரீட்சை வேணாம்லா.” புத்தகத்தை மூடிவிட்டார்.

மனம் உறுத்த, மைனஸ் எண்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகளே அக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டு, பல நூறு ஆண்டுகள் அவற்றை ஏற்க மறுத்திருந்தார்கள்.

மறுநாள் மாலை வீடு திரும்பும் ஃபெரிப் படகில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அவங்களுக்கே அத்தனை வருசமா? எனக்குப் பரீட்சைக்கு ரெண்டு வாரம்தான்லா இருக்கு,” என்று புத்தகத்தைத் திறந்தார்.

கடல் பொன்னிறத்தில் அசைந்தது. கரை வரும்வரை நான் கணக்கு விதி எதுவும் சொல்லவில்லை. ஒன்றுமில்லாததற்கும் கீழே என்ன இருக்கும் என்று இருவரும் தண்ணீரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தோம்.