புளியில் தேய்த்த உரோமாபுரிக் காசு

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுக்கவும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று செம்புக்குடம் விளக்கிய புளியின் மணம், இப்போது தெருவாகிவிட்ட எங்கள் கந்தரோடைத் தோட்டத்துக்கு, இறைக்கும் துலா முனக முனக வாய்க்கால் தண்ணீர் புகையிலைக்கு ஓடிய அந்தக் கிணற்றடிக்கு, என்னைக் கொண்டுபோனது. அங்கே மழை கழுவிய மண்ணில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. அதிலிருப்பது உரோமாபுரியின் சிறுவயது அரசன் என்றார் வாத்தியார். அம்மாவுக்கோ அது, ஒரு படம்கூடப் பிடிக்காமல் காய்ச்சலில் போய்விட்ட என் அண்ணனின் முகம். தினமும் புளிபோட்டுத் தேய்த்தாள்.

"இஞ்சாரும், முகம் அழியப்போகுது," என்றார் அப்பா.

"பிள்ளையின்ரை முகத்திலை ஊத்தை கிடக்கலாமே?"

ஒருநாள் மூக்கும் மறைந்து, காசு வழவழவென்று வெறுமையாகிவிட்டது. அம்மா அழவில்லை.

"இனி என்ரை பிள்ளையிலை ஊத்தை படாது," என்றாள்.

1948, ஆவணி 6.