மஞ்சள் தண்ணீரில் ஊறிய நீலத் தொப்பி

நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பூட்டனார் ஸ்கொட்லாந்து நாட்டு அணிக்காக உதைபந்து ஆடியவர். கோல் கம்பங்களுக்கு வலைகூட இல்லாத காலம் அது. கப்பல் கட்டும் இடத்தில் ஆணி அறைந்துகொண்டிருந்த மனிதர் நான்கு முறை நாட்டுக்காக ஆடினார். முழங்கால் போனதும் கப்பலேறி ஒக்லாந்துக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். புதிதாகக் கேட்பவர்கள் நம்பாமல் சிரிப்பார்கள். பெரியவர் உள்ளே போய் ஒரு நீல வெல்வெட் தொப்பியைக் கொண்டுவருவார். நாட்டுக்காக ஆடியவர்களுக்கு அந்நாளில் கொடுத்தது அதுதான். முன்பக்கம் வெள்ளி நூலில் ஸ்கொட்லாந்தின் சின்னமான முட்பூவும் ஆண்டும் தைத்திருக்கும். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதைவிட வேறு சான்று அவரிடம் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட அணியில் நானும் இருந்தேன், பெரும்பாலும் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாக. வகுப்பில் பேசுவதற்கு அந்தப் பூட்டனாரையே எடுத்துக்கொண்டேன். தொப்பியைத் தந்த பெரியவர், "தண்ணீர் மட்டும் படக்கூடாது. அம்மாவிடமும் சொல்லிவிடு" என்றார். பலமாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, தொப்பியோடு கண்ணாடி முன் நின்று நாலைந்து கோல் போட்டதில் அம்மாவிடம் சொல்வது மறந்துபோயிற்று.

பேச்சு நன்றாகவே போனது. அன்று மாலை மேசையில் இருந்த தொப்பியைப் பார்த்து, ஆருடையது என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"செத்த ஆளின்ர உடுப்பைத் தோய்க்காமல் சாமி இருக்கிற வீட்டுக்குள்ள வைக்கிறதே?"

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கியும் விட்டார். வெல்வெட் பாசி நிறமாகியிருந்தது. உள்ளே இருந்த மட்டை ஊதி, நூல் கறுத்துப் பிரிந்து, ஆண்டு எது பூ எது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார்.

"நான்தான் தெரியாமல் தோய்ச்சுப்போட்டன், மன்னிக்கச் சொல்லு."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பெரியவர் தொப்பியை இரண்டு கையிலும் ஏந்தி, நூல் பிரிந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அம்மாவிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"பரவாயில்லையாம்" என்றேன்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகும் வேலிக்கு மேலால் கை காட்டுவார். பூட்டனாரைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. நானே ஒருமுறை கேட்டபோது, "அதெல்லாம் பழைய விஷயம்" என்று புல் வெட்டப் போய்விட்டார். அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அம்மா இன்றும், "தங்கமான மனுசன், ஒரு சொல் சொல்லேல்லை" என்கிறார். நானும் ஓம் என்கிறேன். உண்மையைச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று நான் தப்பித்துவிட்டேன் என்றும், பெரியவருக்குச் சொல்லக் கதை தீர்ந்துவிட்டது என்றும்தான் நினைத்தேன். சிரிப்பவர்களிடம் காட்ட இனி ஒன்றுமில்லாததால்தான் அவர் பூட்டனாரின் பெயரையே எடுப்பதில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.