மகளின் இடது காலுக்கு நான் கீறிய கோடு

என் மகளின் நோய் முதலில் தெரிந்தது நான் கீறிய படத்தில்தான். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

மகள் ரேவதி பெரியகல்லாற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூத்தாட்டம் பழக்குவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்ட அடிகளுக்கான தாளக்கட்டு எழுத வராது. அவள் ஆட ஆட, அன்றன்று கிழிக்கும் கலண்டர்த் தாளின் பின்பக்கம் பென்சிலால் கீறிக் கொடுப்பேன். முகம் இல்லை, உடுப்பு இல்லை. முதுகுக்கு ஒரு கோடு, கை கால்களுக்கு ஒவ்வொன்று. பிள்ளைகள் அதைப் பார்த்து அடி வைப்பார்கள்.

"ஒரு மூக்காவது வைங்கம்மா. பிள்ளையள் மூச்சு விடவேணாமா?"

"ஆடுறவளுக்கு மூக்கு என்னத்துக்கு? கிறுகு மகள், கிறுகி ஆடு."

ஒருநாள் அவள் அப்படிக் கிறுகிச் சுற்றித் திரும்பியபோது இடது பாதத்துக்கு நான் கீறிய கோடு நிலத்தோடு கிடந்தது. அது எழும்ப வேண்டிய இடம். வயதுபோன கை பிசகிவிட்டது என்று வெட்கப்பட்டு, அழித்து நிமிர்த்திக் கீறினேன். மறுநாளும் அப்படியே. மாதக்கணக்காக ஆட்டத்தைப் பாராமல், கோட்டையே திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வகுப்பில் விழுந்தாள்.

மட்டக்களப்பில் டாக்டர் ஊசிச் சோதனை செய்தார் (தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து நரம்பு வேலைசெய்கிறதா என்று பார்ப்பது). இயக்க நரம்பு நோய் என்றார் (தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது).

"எப்ப தொடங்கினது?"

"போன மாசம்" என்றாள் ரேவதி.

எனக்கு ஆட்கள் முன்னே வாய் வராது. அவள் விழுந்த பிறகு தேடியெடுத்துப் பையில் கொண்டுபோன தாள்களை மேசையில் வைத்தேன். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். அழித்த கோட்டின் தடம் தெரிந்தது. தாளைத் திருப்பித் திகதியைப் பார்த்தார். அது மாசியில் கிழித்த தாள். நாங்கள் டாக்டரிடம் போனது ஆவணியில், ஆறு மாதம் கழித்து.

"இத அழிச்சது ஆரம்மா?"

"நான்தான் ஐயா."

"முந்தி வந்திருந்தாலும் சுகமாக்க மருந்தில்ல. ஆனா விழாமப் பாத்திருக்கலாம்."

உங்கள் வீட்டில் ஒருவர் கால் இழுத்தால், உங்கள் கண்ணைச் சந்தேகப்படாதீர்கள். நான் எழுதுவது அதற்காகத்தான்.

இப்போது இரண்டு கால்களும் அசைவற்றுப் போய்விட்டன. பேச்சும் தடித்துவிட்டது. ஆனாலும் தினமும் கீறச் சொல்கிறாள்.

முன்பு ஓர் ஆட்டம் முடிவதற்குள் தாளில் இருபது உருவம் விழும். என் கை அவளைத் துரத்தும். இன்று காலை கதிரையில் இருந்தபடி வலது கையைத் தூக்கினாள். அது நெஞ்சுக்கு வருமுன் வீட்டுக்கு எதிரே வாவியில் ஒரு தோணி அக்கரை சேர்ந்துவிட்டது. பென்சிலை வைத்தபடி காத்திருந்தேன். என் தோளும் கனத்தது. எது அவள் கை, எது என் கை என்று பிரிக்க முடியவில்லை.

"இவ்வளவுதாம்மா" என்றாள்.

கோட்டை அவள் கை நின்ற இடத்திலேயே நிறுத்தினேன்.