சரளா தேடிய ஒன்பதாவது எபிசோடு

பஸ்ஸில் கண்டக்டர் சரளாவிடம் வாய் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பயணம் செய்தவர்கள் கிடையாது. படியில் தொங்கும் காலேஜ் பையன்கள், பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தூங்குவதுபோல் பாவனை செய்யும் பெரிய மனிதர்கள், எல்லோரையும் ஒரே அதட்டலில் எழுப்பிவிடுவாள். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, உருதுவில் முடிப்பாள். "இந்தம்மாவுக்கு ஏன் இவ்ளோ கோவம்?" என்று புதிதாக வரும் டிரைவர்கள் கேட்பார்கள். டிப்போவில் டிக்கெட் மிஷின் எடுத்துக் கொடுக்கும் ஐரினுக்கு மட்டும் அதற்குப் பதில் தெரியும். அவள் சொல்லமாட்டாள்.

அந்தக் குரல் பஸ்ஸுக்காகப் பழகியதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீலசந்திராவில் ஓர் இளைஞர் சங்கம் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. மைக் கிடையாது. முனையில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்துதான் பேச வேண்டும். சரளா அப்படித்தான் பேசினாள். கிருஷ்ணப்பா என்ற டைரக்டர் ஒருநாள் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, மறுநாளே அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். டிவிக்காக 'ஹளே பாவி' என்று ஒரு கன்னடத் தொடர் எடுக்கிறார். பழைய கிணறு என்று அர்த்தம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வேஷம். "இவளைத் தவிர வேற யாரும் செய்யமுடியாதும்மா" என்று சரளாவின் அம்மாவிடம் கைகூப்பிக் கேட்டார்.

ஒன்பதாவது எபிசோடில்தான் அவளுக்குப் பெரிய காட்சி. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்துத் தன் தலையில் ஊற்றிக்கொள்வாள். பேசவேண்டியது ஒரே ஒரு வசனம்.

அது ஒளிபரப்பான மாலை நீலசந்திராவில் பேய்மழை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஏரியா முழுக்க இருட்டு. தெருவில் ஒரு டிவிகூட ஓடவில்லை. சரளாவே தன் காட்சியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. "குளிக்கிற சீனாம். துணியே இல்லாம நின்னாளாம்." யார் முதலில் சொன்னார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மத்தியானத்துக்குள் அது சந்து சந்தாகப் போய்விட்டது. அண்ணன் முனிகிருஷ்ணன் வேலையிலிருந்து பாதியில் வந்தான். எதுவும் கேட்கவில்லை. தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்து, தெரு பார்க்க அடித்தான். "மானத்த வித்துட்டு வந்தியாடி" என்று கத்தினான். அம்மா நடுவில் விழுந்ததால் விட்டான். கிருஷ்ணப்பா அனுப்பிய ஆளைச் சட்டையைப் பிடித்துத் துரத்தினான். அந்த வாரமே தொம்மலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஆதிகேசவனுக்கு இந்தப் பெண் வேண்டாம் என்று. நிச்சயம் ஆகி, பத்திரிகை அடிக்கக் கொடுக்கவேண்டிய சமயம்.

சரளா அதற்குப் பிறகு நடிக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண்களைக் கண்டக்டர் வேலைக்கு எடுக்க ஆரம்பித்தபோது யாரையும் கேட்காமல் மனுப் போட்டுச் சேர்ந்துவிட்டாள். அம்மா போனபின் வீட்டில் மாடி அவளுக்கு, கீழே அண்ணன் குடும்பம். தேவைக்கு மேல் அவனோடு ஒரு வார்த்தை கிடையாது.

இதிலெல்லாம் அவளை அரித்துத் தின்றது வேறொன்று. 'நான் அப்படி நிற்கவில்லை' என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. புடவை கட்டியிருந்தது நிச்சயம். ஆனால் நனைந்த புடவை. கேமரா எங்கே வைத்திருந்தார்கள்? எதைக் காட்டினார்கள்? தன் உடம்பைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

சம்பளம் வாங்கத் தொடங்கிய புதிதில், வார லீவு நாள் ஒன்றில் தொடரை ஒளிபரப்பிய நிலையத்துக்கே போனாள். கிருஷ்ணப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். டேப் அறையில் இருந்த ஆள் அலமாரியைக் குடைந்துவிட்டு, "அந்த டேப்பு மேல வேற புரோக்ராம் ரெக்கார்ட் பண்ணிட்டாங்கம்மா" என்றான். டேப் விலை அதிகமாம். ஒளிபரப்பானதும் அழித்துவிட்டுத் திரும்ப உபயோகிப்பார்களாம்.

"போட்டுக் காட்டுங்க."

"அதுல நீங்க இருக்கமாட்டீங்க."

"பரவால்ல. என் மேல என்னத்தப் பதிஞ்சிருக்காங்கன்னு பாக்கணும். போடுங்க சார்."

நகரமாட்டாள் என்று தெரிந்ததும் போட்டான். திரை முழுக்கப் பட்டுப்புழு. மல்பெரி இலையைக் கரகரவென்று தின்றுகொண்டிருந்தது. ஒரு அதிகாரி பக்கத்தில் நின்று விவசாயிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சரளா கடைசிவரை நின்று பார்த்தாள். வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் தெரியாத ஒருத்தனிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டாள்.

அத்தோடு விட்டிருப்பாள். ஐரின்தான் விடவில்லை. பழைய கன்னடத் தொடர்களைத் தேடிப் பிடிப்பவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் விசிஆர் வைத்து டிவியிலிருந்து பதிந்த கேசட்டுகளை எங்கெங்கிருந்தோ கிளறி எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லோரும் பார்க்கப் போடுவார்கள். ஐரின் சரளாவின் போனில் அதைச் சேர்த்துவிட்டு, 'ஹளே பாவி' யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு ஒரு பதிவும் போட்டாள். மைசூரிலிருந்து ஒருவர் இரண்டாவது எபிசோடு கொடுத்தார். ஹாசனில் ஒரு டீச்சர் வீட்டில் ஐந்தும் ஆறும் கிடைத்தன. ஒன்பது மட்டும் இல்லை. டூட்டி முடிந்து டிப்போவுக்கு வந்தால் சரளா முதல் வேலையாக அந்தக் குழுவைத்தான் திறப்பாள். சின்ன வேஷங்களில் தன்னைக் கண்டபோதுகூட அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. "இது இல்ல. இதுல என்ன இருக்கு" என்று தள்ளிவிடுவாள்.

போன வருஷம் ஒருநாள், கேசட் கவர்களின் படம் ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கேசட். நீல மையில் தமிழ் எழுத்து: 'ஹளே பாவி 9 – சரளா'. கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: 'அப்பா அலமாரியில் இருந்தது. சரளா யார் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். யாருக்காவது வேண்டுமா?' போட்டவள் பெயர் தீபிகா ஆதிகேசவன். ஊர், தொம்மலூர்.

சரளா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "அவங்க வீட்ல இருக்கு ஐரின்" என்றாள். "அவங்க பாத்திருக்காங்க."

தொம்மலூரில் ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊர் இன்னும் குறுகிய சந்துகளாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐரினோடு போய்க் கதவைத் தட்டினாள். தீபிகா திறந்தாள். ஐடி கம்பெனியில் வேலை செய்பவள், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"கேசட்டுக்காக வந்தீங்களா ஆன்ட்டி? நீங்க..."

"சரளா."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உள்ளே நாற்காலியில் இருந்த ஆதிகேசவன் பேப்பரைக் கீழே வைத்தார். ரிட்டயர் ஆனவர், நரைத்து மெலிந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்து, திரும்ப உட்கார்ந்தார்.

"உக்காருங்க" என்றார்.

"உக்கார வரல. அன்னிக்கு இந்த ஏரியாவுல கரன்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ரெக்கார்ட் பண்ணது யாரு?"

"நான்தான். அண்ணன் துபாய்லேருந்து விசிஆர் கொண்டுவந்திருந்தான். நீ டிவியில வர்றேன்னு..." அவர் மகளைப் பார்த்தார். "வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம்."

"அப்ப என்ன இருந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார்.

"தப்பா ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல சரளா. ஒண்ணுமே இல்ல. நல்லா இருந்துச்சு."

"அப்பறம் ஏன்?"

"அப்பாவுக்கு ஃபேக்டரியில மேலதிகாரி சொந்தத்துல ஒரு சம்பந்தம் வந்திருந்தது. எப்படி உங்ககிட்ட பேச்ச முறிக்கிறதுன்னு யோசிச்சிட்டிருந்தார். நீலசந்திராவுல இப்படி ஒரு பேச்சு ஓடுதுன்னு தெரிஞ்சதும்... அதையே காரணமா சொல்லிட்டார். நான் எதுத்துப் பேசல."

"ஒரு வார்த்த. 'நாங்க பாத்தோம், அப்படி எதுவும் இல்ல'ன்னு எங்க தெருவுல வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். கட்டிக்கக்கூட வேணாம்."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன? அப்பறம் இத எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"தூக்கிப் போட மனசு வரல."

"என்னத் தூக்கிப் போட மனசு வந்துச்சில்ல!" அந்தக் குரல் சந்து முனைவரை போயிருக்கும். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். ஐரின் அவள் கையைப் பிடித்தாள். சரளா உதறினாள்.

தீபிகா உள்ளே போய்க் கேசட்டைக் கொண்டுவந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி. அவங்களுக்கு இது தெரியுமான்னு எனக்குத் தெரியல" என்றாள். "நானே நல்ல இடத்துல குடுத்து பென்டிரைவ்ல ஏத்தி..."

"பேடா கண்ணு, வேணாம். இனிமே இது என் கையவிட்டுப் போகாது."

சிவாஜிநகரில் முகேஷ் என்பவர் கடை வைத்திருக்கிறார். பழைய கல்யாணக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார். நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது, ஓட்டும்போது அறுந்தாலும் அறுந்துவிடும் என்று எச்சரித்தார். துடைத்து, காயவைத்து, மெல்ல ஓட்டினார். சரளா அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். திரையில் கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரு சோப்பு விளம்பரம். பிறகு கிணறு.

கேமரா அவள் கழுத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. தண்ணீர் தலையில் விழுகிறது, கண்ணில் வழிகிறது, அவள் இமைக்கவில்லை. கழுத்துவரை இழுத்து மூடிய முரட்டுப் புடவை. பின்னால் நிற்கும் ஆண்கள் ஒவ்வொருவராகப் பார்வையைத் தாழ்த்துகிறார்கள். 'இந்தத் தண்ணி மேல யார் பேரு எழுதியிருக்கு?' என்று கன்னடத்தில் கேட்கிறாள். கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து, நிதானமாக.

முகேஷ் திரும்பிப் பார்த்தார். "மேடம், இது நீங்களா?"

சரளா மறுபடி போடச் சொன்னாள். தன்மேல் குற்றம் இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அப்படி ஆகவில்லை. திரையில் நின்ற பெண் அவ்வளவு நன்றாக நடித்தாள். அவள் எங்கெங்கோ போயிருக்கவேண்டியவள். அதைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அப்படிப் பிடுங்கினோம் என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். பழைய கோபத்துக்கு அடியில் இவ்வளவு பெரிய கோபம் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ்ப்போர்ஷனுக்குள் போனாள். பல வருஷமாக மிதிக்காத வாசல். முனிகிருஷ்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி திகைத்துப்போய்ச் சமையலறை வாசலில் நின்றாள். சரளா பென்டிரைவை டிவியில் செருகினாள்.

"என்ன இது?"

"பாருண்ணா."

முடியும்வரை பார்த்தான். "இதுல என்ன இருக்கு? சும்னே தண்ணி ஊத்திக்கிற. இதுக்கா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். இதுக்கா?"

"எல்லாரும் சொன்னாங்க" என்றான்.

"எல்லார் வீட்டுலயும் இருட்டு. எவன் பாத்தான்? நீ பாத்தியா? என்னயாவது ஒரு வார்த்த கேட்டியா?"

"ஆய்த்து, விடு. ரெண்டு பேரும் கிழமாய்ட்டோம். இப்ப எதுக்குக் கெளர்ற?"

"தெருவுல வெச்சு அடிச்சே இல்ல, தெருவுல வந்து சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம சங்கத்து ஹால்ல போடப்போறேன். வந்து, தப்பு பண்ணேன்னு சொல்லு."

"அதெல்லாம் முடியாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. குழாயடியில் பேசியவர்களில் உயிரோடு இருந்த சிலர் பேரன் பேத்தியோடு வந்து, ஒன்றும் நடக்காததுபோல முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முனிகிருஷ்ணன் வரவில்லை. அண்ணி வந்தாள். ஆதிகேசவன் தான் வரலாமா என்று தீபிகா மூலம் கேட்டு அனுப்பியிருந்தார். "வரட்டும். ஏன் மறைச்சு வெச்சேன்னு மைக்ல சொல்லிட்டு உக்காரட்டும்" என்று சரளா சொல்லிவிட்டாள். அவரும் வரவில்லை.

காட்சி முடிந்ததும் கைதட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நல்லா பண்ணியிருக்க தாயி" என்றாள். சரளா மைக்கை எடுத்தாள். நன்றி சொல்வாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எந்தெந்த வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்று காதில் விழுந்ததையெல்லாம், பெயரோடு, அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்தக் கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். சரளா அவளைப் போகவிட்டாள், ஆறுதல் சொல்லிக் கூப்பிடவில்லை.

அண்ணன் மனைவி மறுநாள் ஒரு டப்பாவில் பிரியாணி கொண்டுவந்து, "அவரு மனசுல வருத்தம் இருக்கு, வாய்தான் வரமாட்டேங்குது" என்றாள். "வாய் வர்றப்ப வரச்சொல்லு அண்ணி" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள் சரளா. இன்றுவரை வரவில்லை.

எபிசோடு இப்போது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. தொடரில் இன்னும் நாலு எபிசோடுகள் கிடைக்கவில்லை. தீபிகா அப்பாவோடு சண்டையிட்டுத் தனியாக வீடு எடுத்துப் போய்விட்டாள். சரளாவின் வார லீவுகளில் கேசட் தேடிப்போக அவள்தான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாள். போன மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், மூட்டை மூட்டையாகக் கேசட் குப்பைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் ஓடினார்கள். மூட்டைகள் ஏற்கெனவே குப்பை லாரியில் ஏறியிருந்தன. வீட்டுக்காரர் கேட்டிலேயே மறித்தார்.

"பழைய சீரியல்தானேம்மா? யாருக்கு இதெல்லாம் வேணும்?"

"எனக்கு வேணும்" என்றாள் சரளா. "அதுல நடிச்சவங்களக் கேட்டுட்டா குப்பையில போடறீங்க? மூட்டைய எறக்குங்க சார். எறக்கச் சொல்றேன் இல்ல!"