முட்டுக்குழாய்க்கு ஒரு சட்டை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். பாலிடெக்னிக்கில் மெஷின் ஷாப் வகுப்பு எடுத்த முப்பது வருஷமும் பையன்கள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை கண்ணாடிக்குப் போனதும் ஆளுக்கொரு லேத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வீட்டில் மனைவி வாங்கமாட்டாள், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். மிச்சம் இருந்தது நண்பர் ஒருவர். எட்டு வருஷம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். அவரை விட்டுவிட்டு என் விமானத்தைப் பற்றி நான் எழுதினால் அது துரோகம்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரலாம், அவ்வளவுதான். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். திருநகரில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டில், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நானே கட்ட ஆரம்பித்தேன். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்தவர்கள். தறி ஓட்டத் தெரியாதவன் ஆகாயத்தில் ஓட்டப் போகிறானாம் என்று சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுப் பாஷையில் சிரித்தார்கள். அனுமதிக்கு அலைந்த கதையை எடுத்தால் அது தனிப் புத்தகமாகிவிடும். இறக்கை மாட்டும் கட்டம் வந்தபோது ஷெட் போதவில்லை. பேரையூருக்கு அப்பால் தெரிந்தவர் ஒருவருக்கு மண் ஓடுதளமும் அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம்.

நண்பர் பரவையில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம்தான். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். இவர் அதே காட்டில் இரண்டு ஏக்கர் வாங்கி மக்காச்சோளம் போட்டிருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவருக்கு நான் அண்ணே, எனக்கு அவர் மாப்ள. எங்கள் பாஷையில் அவருக்கு ஒரு வார்த்தை வராது, வசவுகள் மட்டும் அத்துப்படி. எல்லாம் என்னிடம் கேட்டுப் பழகியவை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை நடக்கிற இடத்துக்குள் செருப்பு வரக்கூடாது. பரவைப் பட்டறையிலும் அப்படித்தான், கொட்டகையிலும் அப்படித்தான். பூட்ஸ் போடாதவனை மெஷின் ஷாப்புக்குள் விடாத வாத்தியார் நான். என்னையே வெறுங்காலோடு நிற்க வைத்துவிட்டார். வெறுங்கால் என்பதால் சாயங்காலம் அவர் கூட்டாமல் போகமாட்டார். கூட்டினால் அந்தத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். ஆனாலும் எனக்கு மனசு ஆறாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, காலையில் தரை முழுக்க ஒரு தரம் இழுத்துவிடுவேன். மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி காலில் இரும்புத்தூள் ஏறிவிடக்கூடாது என்பதற்காக.

அடுத்து அந்தக் குழாய். இறக்கையின் நடுவிலிருந்து விமான உடம்பின் அடிப்பகுதிக்குச் சாய்வாக ஒரு எஃகுக் குழாய் வரும், பக்கத்துக்கு ஒன்று. நண்பர் அதை முட்டுக்குழாய் என்பார். தரையில் நிற்கும்போது இறக்கை தொங்கிவிடாமல் முட்டுக் கொடுப்பதும் அதுதான். பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். மெல்லிய குழாய். அதில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் போதும், அங்கிருந்து விரிசல் ஓட ஆரம்பிக்கும். குழாய் போனால் இறக்கை போயிற்று. இறக்கை போனால் உள்ளே இருக்கிறவன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தேன்: ‘குழாயில் ட்ரில் படக்கூடாது.’

உருண்டைக் குழாய் காற்றைச் சரியாக விடாது, பிடித்து இழுக்கும். அதனால் அதன் மேல் அலுமினியத் தகட்டில் ஓர் உறை போடுவார்கள். நண்பர் அதற்கு வைத்த பேர் சட்டை. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் கூராக முடிய வேண்டும். கூர் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்.

“கூரா இருக்குறதுதானண்ணே கிழிச்சிக்கிட்டுப் போகும்?”

“அயிர மீனப் பாத்திருக்கியா மாப்ள? தல பெருசா, வாலு பெருசா?”

“கொழம்புல எங்கண்ணே தலையும் வாலும் பாக்குறது,” என்றார். ஆனால் மறுநாள் நான் சொன்னபடியே வளைத்துக் கொண்டுவந்தார். தடிப்பான பைப்பை இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, தகட்டை அதன் மேல் போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்த வளைவு. ஒரு சுருக்கம் கிடையாது. குழாயைச் சுற்றி அணைத்து, பின்னால் இரண்டு விளிம்பையும் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். ரிவெட் தகட்டோடு தகட்டைத்தான் பிடிக்கும், குழாயைத் தொடாது. பரிசோதிக்க வந்த அதிகாரி குழாய்களை வெறும் குழாயாகவே பார்த்து, தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் சட்டையைப் போட்டோம். அதற்கப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பறப்பு என்று முடிவானது. அன்றைக்கு நான் தனியாக, எல்லாம் சரியாக இருந்தால் சில நாள் கழித்து மனைவியோடு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். இடது பக்கச் சட்டை கீழ் முனையில் கடகடவென்று ஆடியது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

“இது என்ன டவுன் பஸ்ஸா? எட்டு வருச வேலையில ஒன் தகரச் சத்தம்தான் கேக்கணுமா?” என்று ஆரம்பித்து, பாதியில் எங்கள் பாஷைக்கு மாறி, எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அவர் சுத்தியலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் எனக்கு மதுரையில் வேலை. அவர் மட்டும் கொட்டகைக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை காலையில் நான் போய் விமானத்தை வெளியே தள்ளி எஞ்சினை ஓட்டினால் சட்டையில் சத்தமே இல்லை, கல் மாதிரி நின்றது. புதுசாகப் பெயிண்ட் கூட அடித்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போன் போட்டேன். “கெட்டிக்காரன்யா மாப்ள நீ!” என்றேன். “சரிண்ணே,” என்றார், வைத்துவிட்டார்.

தரை கூட்டாமல் கிடந்தது. அதுவரை அப்படி நடந்ததே இல்லை. என் மேல் கோபத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு காந்தத்தை இழுத்தேன். இறக்கை நிற்கும் இடத்துக்கு வந்தபோது நாலைந்து சின்னச் சுருள்கள் ஒட்டின. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். பழைய வேலையில் விழுந்ததாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு தட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நண்பர் திருநகர் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் மனைவி அவருக்குப் போன் செய்து, “நாளை மறுநாள் கண்டிப்பா வந்துரணும் தம்பி, அடுத்து நானும்ல ஏறப் போறேன்,” என்று சொல்லியிருந்தாள். பலகாரத்துக்கு உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே நின்றார்.

“அண்ணே, நாளைக்கு ஏறாதீங்க.”

“ஏன்யா?”

“குழாயில ட்ரில் பட்ருச்சு. ரெண்டு எடம். நீங்க அம்புட்டுப் பேசுனதுல எனக்கு என்னமோ ஆகிப்போச்சு. பஸ்ஸுல தகடு ஆடுனா ஒரு ரிவெட்ட எறக்குவோம், கை அது பாட்டுக்கு அதச் செஞ்சிருச்சு. சத்தம் மாறுன ஒடனே தெரிஞ்சுபோச்சுண்ணே. ஓட்டைக்குள்ளயே ரிவெட்ட அடிச்சு, பெயிண்ட அடிச்சு மூடிட்டேன்.”

மனைவி உள்ளேயிருந்து வந்து நின்றாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. வீட்டில் தொடங்கி, வண்டியில் போகும்போது கூட விடவில்லை; கொட்டகை வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். அவர் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். போய் ரிவெட்டைக் கழற்றித் தகட்டை விலக்கினோம். சாக்பீஸ் எழுத்துக்கு நேர் எதிரே, எஃகில் இரண்டு ஓட்டை. விரிசல் இன்னும் விடவில்லை. முதல் தடவை பறந்ததுமே விட்டிருக்குமா, ஐம்பதாவது தடவையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பதாவது தடவை என்றால் பக்கத்தில் மனைவியும் இருந்திருப்பாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி வசவு பொங்கியது. பஸ் பிடித்துச் சாப்பாட்டுக் கூடையோடு வந்து சேர்ந்த மனைவி, “திட்டி முடிஞ்சிருச்சுன்னா ரெண்டு பேரும் சாப்பிட வாங்க,” என்றாள். அவருக்குத்தான் முதலில் வைத்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. எட்டு வருஷ நட்பு போய்விடும், பட்டறைக்குக் கெட்ட பேர் வரும் என்று தெரிந்தே இந்த மனிதர் வீடு தேடி வந்து சொன்னார். தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. கூடவே அந்தக் காந்தமும் நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குத் தெம்பும் மட்டாக இருந்தது.

புதுக் குழாய் வர நாலு மாதம் ஆனது. மறுபடி பரிசோதனை, மறுபடி கையெழுத்து. இந்த முறை சட்டையை அவர் ஆடவிடவில்லை; குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை சுற்றி, முனையில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். பின் விளிம்புக்கு ட்ரில் எடுத்தபோது, தன் பேனாவை உடைத்து அதன் குழாயில் ஒரு துண்டு வெட்டி ட்ரில் பிட்டில் மாட்டிக்கொண்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு நெல்மணி அளவு. அதற்கு மேல் ஒரு நூல் கூட உள்ளே போகாது. நான் கற்றுக்கொடுக்க வேண்டியது, அவராகக் கண்டுபிடித்தார். சாயங்காலம் தரையைக் கூட்டி, அள்ளி, கை கழுவிவிட்டுப் போனார்.

நான் தனியாகப் பறந்தேன். கொஞ்ச நாள் கழித்து மனைவி ஏறினாள். திருமங்கலம் வரைக்கும் என் ஓட்டுதலில் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். பத்திரமாக இறங்கும்போதெல்லாம் நான் அந்த இடது குழாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். மனசுக்குள் கும்பிடுவது யாரை என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு காலையில் நண்பரை ஏற்றிக்கொண்டேன். பேரையூர்க் கரிசல் கீழே விரிந்து கிடந்தது. அவருடைய இரண்டு ஏக்கர் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

“கீழ பாரு மாப்ள, ஒன் சோளக்காடு.”

அவர் பார்க்கவில்லை. ஏறினதிலிருந்து முட்டுக்குழாயின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆடலண்ணே,” என்றார், ஹெட்செட்டில்.

இதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. “மாப்ள, அன்னைக்குக் காந்தத்துல இரும்புச் சுருள் ஒட்டுச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத் தட்டி விட்டுட்டேன். ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

அவர் அப்போதும் சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒட்டும்னு தெரியும்ணே,” என்றார். “கூட்டாமப் போனதே அதுக்குத்தான். வாயால சொல்ல அன்னைக்குத் தைரியம் வரல. காந்தத்துல ஒட்டும், நீங்க பாத்துட்டுக் கண்ணாடியக் கழட்டிக்கிட்டு வருவீங்க, நாலு திட்டுத் திட்டுவீங்க, எல்லாத்தையும் சொல்லிரலாம்னு போனக் கையிலயே வச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க கூப்புட்டுக் கெட்டிக்காரன்னு சொல்லிட்டீங்க.”

துடைப்பதற்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

“அண்ணே,” என்று பதறினார், “திட்டுறதா இருந்தா எறங்கித் திட்டுங்க.”