விரல் புடைத்த தோல் உறை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொல்லி வைத்தார்களோ! இது ஆரியசாலைக் கடைத்தெருவில் பட்டப்பகலில், சாயாக்கடைச் சத்தத்துக்கு நடுவே நடந்தது. நம்பாதவர்கள் பொன்செல்வியையே கேட்டுக்கொள்ளலாம்.

பழைய பிலிம் கேமராக்களுக்குத் தோல் உறை தைப்பது அவள் வேலை. கேமராவைப் பாலிதீனில் சுற்றி, நனைத்த தோலை அதன்மேல் இழுத்துக் கட்டிக் காயவிடுவாள். காய்ந்தால் தோல் கேமராவின் வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் தையல்.

மறுநாள் நாங்குநேரியில் அவள் மகளுக்குக் காதுகுத்து. சாயங்கால பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வலியசாலை நீலகண்டன் கேட்ட உறை ஒன்றுதான் பாக்கி. அவருக்கும் அவசரம். நாளை அவருடைய அப்பாவின் திவசம், அப்பாவின் கேமராவைப் புது உறையில் வைக்க வேண்டுமாம்.

காலையில் தோலை அவிழ்த்தால், பக்கவாட்டில் நான்கு மேடுகள். உள்ளேயிருந்து புடைத்திருந்தன. பாலிதீன் மடிந்திருக்கும் என்று பார்த்தாள். மடியவில்லை. அலுத்துக்கொண்டே வேறு தோலை நனைத்துக் கட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினாள். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

அதிலும் அதே மேடுகள்... அதே இடத்தில்.

மூன்றாவதுதான் கடைசித் தோல். கட்டிவிட்டு, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சர்ர்ர்... தோல் இழுபட்டது.

ஒரு மேடு எழுந்தது. நுனியில் நகத்தின் வரம்பு.

மரக்கட்டையால் அமுக்கினாள்.

அது திருப்பி அமுக்கியது...

போன் அடித்தது. புருஷன் லிங்கம்.

"ஏட்டி, கெளம்பிட்டியா? பிள்ள ஒன்னயே கேக்கா."

"இன்னா வாறேன்."

பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மேடுகளோடேயே தைத்து முடித்தாள்.

நீலகண்டன் வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்தணும்னா முடியாது சாரே. எம்பிள்ளைக்குக் காதுகுத்து."

"மாத்த வேண்டாம்." மேடுகளின்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். "அப்பா தண்டவாளத்தோரம் நின்னு படம் எடுத்துண்டிருந்தார். ரயில் அடிச்சுடுத்து. கேமராவுக்கு ஒண்ணும் ஆகலை. வலது கை மட்டும்... எவ்வளவோ தேடினோம். கிடைக்கவே இல்லை. கையில்லாமத்தான் தகனம் பண்ணினோம்."

பொன்செல்வி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். காதுகுத்தும் நடந்தது. ஊசி பட்டதும் பிள்ளை வீறிட்டு, அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. பிடித்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த விரல்களைத் தொட அவளால் முடியவில்லை.